அண்ணாச்சி கடைப் பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே 5 வணிகர் தினம் வந்தாலே ‘உள்ளூர்க் கடையில் வாங்குங்கள்’ என்ற வேண்டுகோள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்துவிடுகிறது. உங்கள் நாளிதழிலும் வந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் மதுரையில் மளிகைக் கடை, பெட்டிக்கடை, சின்ன அச்சகம் என்று சில இடங்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஜனங்கள் உள்ளூர்க் கடையில் வாங்கத்தான் செய்கிறார்கள். காசுதான் வந்து சேருவதில்லை.

ஒரு மளிகைக் கடையின் பற்றுவரவு நோட்டைத் திறந்தால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அடுத்த பக்கத்திலிருந்து பாக்கி. அதில் யாருக்கும் முழுப்பெயர் கிடையாது. ‘பச்சைக் கேட்’, ‘டீச்சர் வீடு’, ‘பேங்க் சார்’, ‘மாடி அக்கா’ என்றுதான் இருக்கும். பச்சைக் கேட் பக்கத்தில் துவரம்பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர், புளி கால் கிலோ, சோப்பு இரண்டு என்று பத்து வரி பற்று ஓடும். நடுவில் ‘வரவு 500’ என்று ஒற்றை வரி. மறுபடி பத்து வரி பற்று. மாதக் கடைசியில் கூட்டினால் வரவு பற்றில் பாதியைத் தொடாது. மீதியை ‘முன்பாக்கி’ என்று போட்டு அடுத்த பக்கத்துக்குத் தூக்கி எழுதுவோம். சில வீடுகளின் முன்பாக்கி இரண்டு நோட்டு மாறியும் கூடவே வருகிறது.

யார் பாக்கி என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நான் பார்க்கும் நோட்டுகளில் கொத்தனார், சித்தாள், லோடுமேன் வீட்டுப் பக்கங்கள் சனிக்கிழமை ராத்திரி நேராகிவிடும். வாரக்கூலி வாங்கிய கையோடு வந்து, ‘அண்ணாச்சி, கணக்கப் பாருங்க’ என்று நிற்பார்கள். இழுத்துக்கொண்டே போவது மாதச் சம்பள வீடுகள். அதே வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் வரும் தயிர்ப் பாக்கெட்டுக்கு, வண்டி கிளம்பும் முன்பே கைப்பேசியிலிருந்து பணம் போய்விடுகிறது. செயலியிடம் ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று சொல்ல முடியாது. அண்ணாச்சியிடம் சொல்லலாம். கல்லாவுக்கு மேலே ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பலகை தொங்குகிறதே தவிர, அதற்கு நேர் கீழேதான் இந்த நோட்டும் தொங்குகிறது!

கடன் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் வேலையும் கூலியும் நின்றுபோன எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த நோட்டின் புண்ணியத்தில்தான். கையில் இல்லாதவருக்குக் கொடுப்பது வேறு. இருந்தும் தராதவருக்கு மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருப்பது வேறு.

இந்தப் பாக்கிக்குக் கடைக்காரர் என்ன விலை கொடுக்கிறார் என்பது வெளியே தெரிவதில்லை. ஒரு தெருவில் 30 வீடு, வீட்டுக்கு 3,000 ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். 90,000 ரூபாய் முடங்கிவிட்டது. சின்னக் கடைக்கு அதுதான் முதலே. கீழமாசி வீதியில் பருப்பும் மிளகாயும் எடுக்கப் போனால் கையில் ரொக்கம் வேண்டும். பிஸ்கட், சோப்பு ஏஜென்சியின் லைன் வண்டிக்காரர் மிஞ்சிப்போனால் ஒரு வாரம் பொறுப்பார். முந்தின பில்லை முடித்தால்தான் அடுத்த சரக்கை இறக்குவார். அப்போது அண்ணாச்சி போய் நிற்கும் இடம் தண்டல்.

தண்டல் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரம் ரூபாய்தானே’ என்று தோன்றும். அசல் தினமும் கரைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. 9,000-க்குப் பதில் 8,500 தருகிறவர்களும் உண்டு. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. சாயங்காலமானால் கடை வாசலில் தண்டல்காரர் வண்டி வந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை. ஆக, பச்சைக் கேட் வீட்டில் கொதிக்கும் சாம்பாருக்கு வட்டி கட்டுவது அண்ணாச்சி.

வங்கிக்குப் போகலாமே என்பீர்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2020-இல் பிஎம் ஸ்வநிதி என்ற மத்திய அரசின் கடன் திட்டம் வந்தது. முதலில் 10,000 ரூபாய் தந்தார்கள். 2025-இல் அதை 15,000 ஆக்கினார்கள். தள்ளுவண்டிக்காரர்கள் பலருக்கு அது கைகொடுத்தது உண்மை. வாடகைக் கடை வைத்திருப்பவர் அதில் சேர முடியாது. சிறு தொழில்களுக்கான முத்ரா கடனுக்குப் போனால் வங்கிக் கணக்கில் வரவு செலவு எங்கே என்று கேட்கிறார்கள். வியாபாரத்தில் பாதி நோட்டில் கிடக்கும்போது வங்கி மேலாளருக்கு எதைக் காட்டுவது?

வீடுகளை மட்டும் குறை சொல்லக்கூடாது. பள்ளி, அலுவலகம், விடுதி, கல்யாண மண்டபம் எல்லாம் இதில் வீடுகளுக்கு அண்ணன்மார். நான் கணக்கு எழுதும் அச்சகம் ஒன்று, ஒரு கல்வி நிறுவனத்துக்கு அட்மிஷன் நோட்டீசும் ரசீதுப் புத்தகமும் அடித்துக் கொடுத்தது. அடுத்த வருஷ அட்மிஷனுக்கு ஆர்டர் வந்தபோதும் பழைய பில் ‘கையெழுத்துக்குப் போயிருக்கு’ என்றே இருந்தது.

அச்சகத்துக்காவது சட்டம் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவை வைத்திருக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2023-24 நிதியாண்டு முதல் வருமானவரிச் சட்டத்திலும் ஒரு பிடி போட்டார்கள்: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வரி கழிக்க முடியாது. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் போடலாம். போடுவதில்லை, அது வேறு கதை. புகார் போட்டால் அடுத்த ஆர்டர் வேறு அச்சகத்துக்குப் போய்விடும் என்று எங்கள் அச்சகக்காரர் வாயைத் திறக்கமாட்டார்.

மளிகைக் கடைக்கு அந்தப் பிடிமானமும் இல்லை. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் உத்யம் பதிவுக்குள் சேர்த்தார்கள். அன்றைக்குப் பட்டாசு வெடிக்காத குறைதான். ஆனால் வங்கிகள் சில துறைகளுக்குக் கட்டாயம் ஒதுக்க வேண்டிய முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் அந்தப் பதிவு செல்லும். 45 நாள் பாதுகாப்பு அதில் வராது. விடுதிக்கு மாதம் முழுக்க அரிசியும் எண்ணெயும் போடும் கடைக்காரர், அந்த விடுதி ஆறு மாதம் இழுத்தடித்தாலும் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. வணிகர் சங்கங்கள் ஆன்லைன் கம்பெனிகளை எதிர்த்துப் பிடிக்கும் கொடியில் கால்வாசியை இதற்காகப் பிடித்தால் பலன் அதிகம் என்பது என் கட்சி.

அண்ணாச்சிகள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்ல வரவில்லை. குளிர்பானத்துக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதும், தேதி முடிந்த மசாலாப் பாக்கெட்டை முன்வரிசையில் வைப்பதும் நடக்கத்தான் செய்கிறது. அங்கெல்லாம் சண்டை போடுங்கள், வேறு கடைக்கும் போங்கள். அதற்கு வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. ஆதரவு என்ற பெயரில் கெட்ட சரக்கைச் சகித்துக்கொள்ள யாரும் கேட்கவில்லை. வாங்கிய நல்ல சரக்குக்குக் காசைக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒன்று கேட்கலாம். பால், கேபிள், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் தேதி வைத்திருப்பதுபோல நோட்டுக் கணக்குக்கும் ஒரு தேதி வையுங்கள், ஐந்தாம் தேதி என்று. ‘சில்லறை இல்ல, அப்புறம் தர்றேன்’ என்று சொல்லவும் இப்போது வழியில்லை. கடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது, காசு விழுந்தால் சத்தம் போட்டுச் சொல்லும் பெட்டியும் இருக்கிறது. முழுசாக முடியாவிட்டால் பாதியைப் போட்டுவிட்டு மீதிக்கு நாள் சொல்லுங்கள். நாள் சொன்னால் அண்ணாச்சி லைன் வண்டிக்காரரிடம் தானும் ஒரு நாள் சொல்வார். தண்டல் பக்கம் போகமாட்டார்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடிவதற்கு முன்னால் உங்கள் நாளிதழைக் கட்டுக்கட்டாக எடுத்துப் பிரித்து, வீடு வீடாகப் போடுகிற முகவரும் சிறு வியாபாரிதான். வீடுகள் தந்தாலும் தராவிட்டாலும் உங்கள் அலுவலகத்துக்குக் கட்ட வேண்டியதை அவர் கட்டியாக வேண்டும். போன மாதப் பத்திரிகைப் பணம் எத்தனை வீட்டில் பாக்கி என்று அவரை ஒரு நாள் கேட்டு, அதையும் உங்கள் பத்திரிகையில் போடுங்கள்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் வாசகர்,
மதுரை.