செல் செத்தது சரி, நோயெதிர்ப்பு விழித்ததா?

முனைவர் பட்ட நெறியாளர்களுக்கும் ஆய்வேட்டுத் தேர்வாளர்களுக்கும் வணக்கம்.

புற்றுநோய் செல்லைக் கொல்லும் ஏதோ ஒரு மூலிகைச் சாறு, எம்டிடி சோதனையின் வரைபடம், சாகும் செல்லில் ஒட்டும் அனெக்சின் புரதத்தின் படம். முடிவுரையில் 'நோயெதிர்ப்பைத் தூண்டும் செல் இறப்பு'. இப்படி வரும் ஆய்வேடுகளுக்கு இனி கையெழுத்துப் போடாதீர்கள். எம்டிடி அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செத்ததா, பெருகாமல் நின்றதா என்றுகூட அது பிரித்துச் சொல்லாது. அனெக்சினைக் கொண்டு அப்போப்டோசிஸ், அதாவது செல்லின் திட்டமிட்ட சாவு, என்று வாதிடலாம். அந்தச் சாவைக் கண்டு நோயெதிர்ப்பின் படையான டி செல்கள் கிளம்புமா என்பது வேறு கேள்வி.

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பாருங்கள். அதனால் சாகும் செல்லிலிருந்து ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வெளியேறுகிறது, உட்கருப் புரதமான எச்எம்ஜிபி1 கசிகிறது. ஆனால் கால்ரெட்டிகுலின் என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வருவதில்லை. சாகும் செல்லை விழுங்கி டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லுக்கு 'வந்து விழுங்கு' என்ற சைகை அதுதான். மைட்டோசான்ட்ரோன், டாக்சோரூபிசின், ஆக்சாலிபிளாட்டின் ஆகிய புற்றுநோய் மருந்துகளைக் கொடுத்தால் மூன்றுமே வரும். எனவே தூண்டும் மருந்துக்கு மைட்டோசான்ட்ரோனும் தூண்டாததற்குச் சிஸ்பிளாட்டினும் ஒப்பிட இரு கண்ட்ரோல்களாக இல்லாத முடிவைத் திருப்பி அனுப்புங்கள்.

அதிகம் சறுக்குவது கால்ரெட்டிகுலினில். செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம் என்ற சவ்வு வலைக்குள் அது ஏராளமாக இருக்கிறது. சவ்வு கிழிந்த செல்லுக்குள், அதைக் கண்டறியச் சேர்க்கும் ஆன்டிபாடி நுழைந்தால் அளவு தாறுமாறாக ஏறும், மாணவர் மகிழ்ந்துபோவார். செல்களை ஃபிக்ஸ் செய்யாமல், சவ்வில் துளையிடாமல், குளிரிலேயே ஆன்டிபாடி சேர்க்க வேண்டும். பிறகு செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில், சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் நுழையும் புரொப்பிடியம் அயோடைடு சாயம் ஏறிய செல்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பார்க்க வேண்டும். நேரமும் கணக்கு: கால்ரெட்டிகுலின் சில மணி நேரத்திலேயே வந்துவிடும், எச்எம்ஜிபி1 பிந்தித்தான் கசியும். ஒரே சாம்பிளில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் ஒன்று தவறும். ஏடிபியை எடுத்த கையோடு அளக்க வேண்டும், நொதிகள் விட்டுவைக்காது.

மூன்றும் வந்தாலும் அவை அறிகுறிகளே. தீர்ப்பு எலியில். எலியின் பெருங்குடல் புற்றுநோய் செல்களான சிடி26-ஐ மருந்தால் சாகவைத்து, அட்ஜுவன்ட் (நோயெதிர்ப்பைக் கூட்டும் பொருள்) எதுவும் சேர்க்காமல், அதே இனமான பால்ப்-சி எலியின் ஒரு விலாவில் தோலடியில் சுமார் 30 லட்சம் போடுங்கள். ஒரு வாரம் கழித்து மறு விலாவில் உயிருள்ள செல்கள் 5 லட்சம். கட்டி வளராத எலிகளை எண்ணுங்கள். உறையவைத்து உருக்கிக் கொன்ற செல்களைப் பெற்ற எலிகள் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் விலாவிலேயே கட்டி வந்தால், மருந்துக்குத் தப்பிய செல்கள் உள்ளே போய்விட்டன என்று பொருள்.

ஆய்வேடுகளில் வரும் எம்சிஎஃப்-7, ஏ549, ஹீலா எல்லாம் மனிதப் புற்றுநோய் செல்கள். அவற்றை எலிக்குள் வளர்க்க நோயெதிர்ப்பு குன்றிய எலிகளே வேண்டும்; டி செல் இல்லாத நியூட் எலி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. (எம்சிஎஃப்-7இல் அப்போப்டோசிஸை நடத்தும் நொதியான காஸ்பேஸ்-3கூடக் கிடையாது, அதில் காஸ்பேஸ்-3 பாதை என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.)

விலங்குக் கூடமோ நெறிமுறைக் குழுவின் அனுமதியோ இல்லாத கல்லூரிகள் ஆய்வைக் கைவிட வேண்டியதில்லை. ஆய்வேட்டின் தலைப்பில் 'செல் இறப்பு' என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.