அரண்மனை பார்க்க வருகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ போனில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கானாடுகாத்தான் அரண்மனைக்கு உள்ளே விடமாட்டார்கள். அது செட்டிநாட்டு ராஜா குடும்பத்தின் சொந்த வீடு. வெளியே நின்று முகப்பைப் பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நீ அதற்குள் ஆபீஸ் சிநேகிதிகளிடம் "அரண்மனையைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டாயாமே, அம்மா சொன்னாள். சரி, பரவாயில்லை. உள்ளே போய் ஆற அமரப் பார்க்க ஒரு கோட்டையும் ஒரு பெரிய வீடும் இருக்கின்றன. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

முதல் நாள் காலையில் திருமயம் போங்கள். கோட்டையைத் திறந்தவுடன் ஏறிவிட வேண்டும். பாறை சூடேறிவிட்டால் உன் சிநேகிதிகள் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். கோவிலை முதலில் பார்த்துவிட்டு மலை ஏறலாம் என்று அம்மா சொல்வாள். கேட்காதே. இறங்கி வந்து கோவிலுக்குப் போனால் போதும், மத்தியானம் நடை சாத்துவதற்குள் போய்விட்டால் சரி.

இந்தப் பக்கம் ராஜா ஒருவர் கட்டியது என்று காட்டுவதற்கு அந்தக் கோட்டைதான் இருக்கிறது. 1687-இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது. ஏழு சுற்று மதில் இருந்ததாம், இப்போது நிற்பது நாலு. சேதுபதி கட்டிய கோட்டை எப்படிப் புதுக்கோட்டைக்காரர் கைக்குப் போனது என்று யாராவது கேட்டால், எல்லாம் சம்பந்தி வழிதான் என்று சொல். ரகுநாதத் தொண்டைமானின் கூடப்பிறந்தவள் பெயர் காதலி நாச்சியார், அவளைச் சேதுபதி கல்யாணம் செய்துகொண்டார், மைத்துனருக்குப் புதுக்கோட்டைச் சீமை கிடைத்தது, பிற்பாடு இந்தக் கோட்டையும் தொண்டைமான்கள் வசம் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் இதை ஊமையன் கோட்டை என்றுதான் சொல்வார்கள். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையை இங்கே அடைத்து வைத்திருந்ததாகக் கதை. கட்டபொம்மன் பிடிபட்டதே புதுக்கோட்டைச் சீமைக்குள்தான். 1799-இல் கயத்தாற்றில் தூக்கில் போட்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது பக்கத்தில் புதுக்கோட்டைக்காரர் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்.

கோட்டைக்குள் கட்டில், கண்ணாடி, சிம்மாசனம் எதுவும் இருக்காது. சுவரும் பாறையும்தான். நான் கொத்தனார், அதனால் எனக்கு அதுவே போதும். மதிலைக் கொஞ்சம் நின்று பார். கீழே கல், மேலே கைப்பிடிச் சுவர் மட்டும் செங்கல். அதில் துப்பாக்கி நீட்ட ஓட்டை விட்டிருப்பார்கள். புதிதாக ஒட்டுப்போட்ட இடம் எது என்று செங்கல் நிறத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். நடுவழியில் பாறையைக் குடைந்து ஒரு சின்ன அறையில் லிங்கம் இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏற வேண்டும். உச்சியில் ஒரு பீரங்கி. எல்லாரும் அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் போட்டோ எடுப்பார்கள். பாறையில் பெயர் செதுக்கி இதயம் வரைந்து வைத்திருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீயாவது கூட வருகிறவர்களிடம் சொல்லி வை.

இறங்கினால் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குடைவரை. ஒன்றில் சிவன், ஒன்றில் பெருமாள். பள்ளிகொண்ட பெருமாளைத் தாய்ப்பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். காலடிப் பக்கம் இரண்டு அசுரர்கள் தப்பித்து ஓடுகிற மாதிரி இருக்கும், ஆதிசேஷன் அவர்கள் மேல் நெருப்பைக் கக்கும். குருக்கள் விளக்கைத் தூக்கிக் காட்டும்போது அதைத் தவறவிடாதே. இந்த இரண்டு கோவிலுக்கும் ஒரு காலத்தில் வருமானம் பிரிப்பதில் பெரிய வழக்கு. 1245-இல் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் முன்னால் பஞ்சாயத்து வைத்து, பங்கு பிரித்து, தீர்ப்பைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள். நம் வீட்டு வாய்க்கால் தகராறுக்கு அப்படி ஒரு ஆள் கிடைத்திருக்கக் கூடாதா!

கிளம்பும்போது ரோட்டோரம் கோட்டை பைரவர். நீ சொல்லாவிட்டாலும் டிரைவர் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிடுவார். மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான், ஓட்டல் பேச்சே வேண்டாம்.

அப்புறம் ஆத்தங்குடி. அங்கே பெரிய வீடு என்று ஒன்று இருக்கிறது, கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். சினிமாவில் பார்த்த வீடு என்று எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டே நடப்பார்கள். மேலே பார்க்க வேண்டியதுதான், விட்டமும் வேலைப்பாடும் அப்படி. பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலிப் பளிங்கு எல்லாம் கப்பலில் வந்த சரக்கு. ஆனால் நம் ஆட்கள் கையால் ஆனது சுவரும் தரையும். நான் காட்டச் சொல்வது அதைத்தான்.

சுவரைக் கண்டால் பளிங்கு என்றுதான் நினைப்பாய். சுண்ணாம்புதான் அது. சுண்ணாம்பையும் மணலையும் கல்லில் போட்டு வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றுவார்கள். ஒரு பூச்சு காய்ந்து, அடுத்த பூச்சு, அதற்கு மேல் இன்னொன்று. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேரும். பிறகு வழுவழுப்பான கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தோள் கழன்றுவிடும். உன் தாத்தா சித்தாளாகப் போனபோது அவருக்குக் கிடைத்த வேலையே அந்தத் தேய்ப்புதான். நல்ல பூச்சு என்றால் வெயில் காலத்திலும் கை வைத்தால் குளிரும், நூறு வருஷம் ஆனாலும் வெள்ளை அடிக்க வேண்டியதில்லை. வளவு என்கிற நடுமுற்றத்துத் தூண் பக்கம் தலை எண்ணெய்க் கறை வரிசையாக இருக்கும், தலைமுறை தலைமுறையாகச் சாய்ந்து உட்கார்ந்த அடையாளம். நீங்கள் சாயாதீர்கள்.

போன வருஷம் ஒரு வீட்டில் இந்தப் பூச்சு மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடிக்கக் கூப்பிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட வேண்டும், அடைத்தால் ஈரம் உள்ளே நிற்கும் என்றேன். கேட்கவில்லை, நான் வந்துவிட்டேன். வேறு ஆளை வைத்து அடித்தார்கள். ஐப்பசி மழைக்கு அது தோல் உரிந்த மாதிரி தொங்குகிறது.

தரைக்கு வா. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் சூளைக்குப் போவதே இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமென்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். பிறகு கண்ணாடி தனியாக வந்துவிடும். அந்தக் கண்ணாடியின் பளபளப்புதான் கல்லில் இறங்கியிருப்பது. ஊரில் பட்டறைகள் இருக்கின்றன, கேட்டால் செய்து காட்டுவார்கள். வளவில் நின்று கூரை எந்தப் பக்கம் சரிகிறது என்றும் பார். மழைத் தண்ணீர் முற்றத்துக்கு வந்து கிணற்றுக்கும் ஊருணிக்கும் போகும்படி கட்டினார்கள். தண்ணீர் இல்லாத சீமையில் இவ்வளவு பெரிய வீடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

கானாடுகாத்தானுக்குச் சாயங்காலம் போதும். அரண்மனை 1912-இல் கட்டியது. அண்ணாமலைச் செட்டியாருக்குப் பரம்பரையாக ராஜா என்ற பட்டம் கிடைத்ததோ 1929-இல். ஆக வீடு முந்தி, ராஜா பிந்தி. படை, எல்லை, கப்பம் எதுவும் கிடையாது. பாங்கு, வியாபாரம், கொடுக்கல் வாங்கல்தான். அதே 1929-இல்தான் சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் வந்தது. உன் சித்தப்பா படித்தது அங்கேதான், சொல்லிக்கொள். முகப்பைப் பார்த்துவிட்டு அந்தத் தெருக்களில் கொஞ்சம் நடங்கள். ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் கொல்லை, அவ்வளவு நீளம் ஒவ்வொரு வீடும். பாதி வீடு பூட்டித்தான் கிடக்கும். 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் செட்டியார்கள் அங்கே வியாபாரத்தில் போட்ட முதல் அங்கேயே நின்றுபோனது. பிறகு பங்காளிகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். பங்கு பிரிக்க முடியாத வீடுகளை இடித்து மரமாகவும் தூணாகவும் விற்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அவற்றைத்தான் பார்ப்பாய். உன் சிநேகிதிகள் நிலைக்கதவு விலை கேட்டால் என்னைக் கூப்பிடு, தேக்கா இல்லையா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

மலை ஏறச் செருப்பு நல்லதாகப் போட்டு வா, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வருகிறீர்கள், அதில் யார் கறி சாப்பிடமாட்டார்கள் என்று இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு. வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி வாங்க வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா