காலரா மருத்துவமனைக்குள் பரவாமலிருக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா உறுதிசெய்யப்பட்டுப் பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததைப் பற்றியே எங்கும் பேச்சாக இருந்தது. அது நியாயமான பேச்சுதான். ஆனால், வாந்தியும் பேதியுமாக நோயாளிகள் வந்து சேரும் மருத்துவமனையிலிருந்தே அந்நோய் இன்னொரு வீட்டுக்குப் போய்ச்சேர வழியுண்டு என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கடுமையாகத் தாக்கப்பட்டவருக்கு ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேலும் நீராகப் பேதியாகலாம். அதை அள்ளுவதும் துடைப்பதும் பெரும்பாலும் மருத்துவரோ செவிலியரோ அல்லர். உடன் தங்கியிருக்கும் தாயோ மனைவியோ, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரோதான். அதே தாய்தான் சற்று நேரத்தில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிறார், பக்கத்துக் கட்டிலுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிறார். ஆகவே தடுப்பு நடவடிக்கை இவ்விருவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

நடுவில் துளையிட்ட கட்டிலும், அதன்கீழ் ஒரு வாளியும், வாந்திக்கென இன்னொரு வாளியும் காலரா வார்டின் அடிப்படைத் தேவைகள். வாளியை வைக்கும் முன்பே அதன் அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 2 சதவீதக் குளோரின் கரைசலை ஊற்றிவைத்தால், கொட்டப்போகும்போது சிந்தினாலும் ஆபத்து குறையும். கை கழுவச் சோப்பும் தண்ணீரும் போதும். அவை இல்லாத இடத்தில் 0.05 சதவீதக் கரைசல். தரைக்கும் கட்டிலுக்கும் 0.2 முதல் 0.5 சதவீதம் வரை. ஏறத்தாழ 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரில், 2 சதவீதக் கரைசலுக்கு லிட்டருக்கு 60 கிராம் வேண்டும். இதைக் கைக்கணக்கில் அள்ளிப் போடுவதில் பயனில்லை. ஈரம் பட்டு வீரியம் இழந்த பவுடரும், நேற்றுக் கலக்கிய கரைசலும் உதவா. அமைச்சர் வருகிறார் என்றால் வாசலின் இருபுறமும் வெள்ளைக் கோடாகத் தூவுகிறோமே, அது வருகிறவர் கண்ணுக்கு மட்டுமே சுத்தம். பினாயில் வாசனையும் குளோரினுக்கு ஈடாகாது.

மருத்துவமனையின் நிலத்தடித் தொட்டியும் மேல்நிலைத் தொட்டியும் தனிக் கவனத்துக்குரியவை. நோய் பரவும் காலத்தில் வார்டுக் குழாயில் வரும் தண்ணீரிலேயே லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்கிறதா என்று தினமும் குளோரோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். சுகாதார ஆய்வாளர்களுக்குப் பழக்கமான சிறு சோதனைதான் அது.

காலரா காற்றில் பரவுவதில்லை. எனவே நோயாளியைக் கண்டு எவரும் ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு நோயாளிக்கு ஒருவர் மட்டும் உடனிருப்பது, வார்டுக்குள் உணவைப் பகிர்ந்துகொள்ளாதிருப்பது, வெளியேறும் வழியில் எப்போதும் சோப்பும் தண்ணீரும் இருப்பது ஆகியவை போதுமான கட்டுப்பாடுகள். பேதி நின்று வீடு திரும்பிய பின்னும் சில நாள் மலத்தில் கிருமி வெளியேறக்கூடும் என்பதை அனுப்பும்போதே குடும்பத்தாருக்குச் சொல்லிவிட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் புதுச்சேரி, தமிழ்நாடு சுகாதாரத் துறைகள் மாவட்ட மருத்துவமனைகளில் இக்கட்டில்களும் வாளிகளும் இருக்கின்றனவா என்று பார்வையிட வேண்டும். கரைசல் கலக்கும் பொறுப்பை ஒவ்வொரு பணிநேரத்துக்கும் ஒருவரிடம் ஒப்படைத்து, கலக்கிய தேதியையும் நேரத்தையும் கலத்தின் மேலேயே எழுதச் செய்ய வேண்டும். தூய்மைப் பணியாளர்களுக்குத் தடித்த கையுறையும் ரப்பர் பூட்ஸும் நோய் வந்தபின் அல்ல, இப்போதே வாங்கித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
நாகப்பட்டினம்.