ஒரே ஒரு ‘இல்’

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆங்கில வேலை விண்ணப்பத்தை ராத்திரி இரண்டு தடவை படித்தேன். ‘ஐ ஆம் ஒர்க்கிங் இன்’ என்று தொடங்கி ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று முடித்திருக்கிறாய். இரண்டையும் திருத்த வேண்டும். போனில் சொன்னால் மறந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

கம்பெனியில், தரப் பிரிவில், கோவையில் என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் கம்பெனி பெயருக்கு முன்னால் ‘அட்’ போடு. பிரிவுக்கும் ஊருக்கும் ‘இன்’. பதவிக்கு ‘ஆஸ்’. ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்’ என்று தொடங்கி, ‘ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று முடி. நீ சேர்ந்த வருஷத்தைச் சொன்னால்தான் ‘சின்ஸ்’.

இன்னொரு ‘ஃபார்’ இருக்கிறது, அதுதான் உனக்கு முக்கியம். நம் தெருமுனை வங்கி வாசலில் நிற்கிறாரே காவலாளி, அவர் வேலை பார்க்கும் இடம் வங்கி, அதற்கு ‘அட்’. சம்பளம் தருவது ஏஜென்சி, அதற்கு ‘ஃபார்’. நீயும் முதல் 2 வருஷம் கான்ட்ராக்டில்தானே இருந்தாய்? அந்த வருஷங்களுக்கு கான்ட்ராக்டர் பெயருக்கு முன்னால் ‘ஃபார்’, கம்பெனிக்கு ‘அட்’ என்று இரண்டையும் எழுது. நாளைக்கு பி.எஃப். கணக்கைப் பார்த்து யாராவது கேட்டாலும் நீ எழுதியது சரியாக நிற்கும்.

‘ஜாயின்ட் இன்’ என்பதில் ‘இன்’னை எடுத்துவிடு, கம்பெனி பெயரை நேரடியாகப் போடு. அப்புறம் ‘இன்சார்ஜ் ஃபார்’ இல்லை, ‘இன் சார்ஜ் ஆஃப்’. அதன் நடுவில் ‘தி’ நுழையாமல் பார்த்துக்கொள். 1987-இல் நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு பையன் விண்ணப்பம் அடிக்க வந்தான். தன் பொறுப்பில் 6 பேர் இருந்ததைச் சொல்ல நினைத்து, ‘இன் தி சார்ஜ் ஆஃப்’ என்று எழுதியிருந்தான். அந்த 6 பேரின் பொறுப்பில் இவன் இருந்தான் என்று பொருளே புரண்டுவிட்டது. நான் அப்படியே அடித்துக் கொடுத்துவிட்டேன். சாயந்திரம் கார்பன் பிரதியைப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அதற்குள் தபால் போய்விட்டது. இன்றைக்கும் அது மனசை உறுத்துகிறது.

கடைசி வரியில், கம்பெனிக்கு விண்ணப்பிப்பது ‘அப்ளை டு’, பதவிக்கு ‘அப்ளை ஃபார்’. திருத்தியதும் மறுபடி அனுப்பு. எவ்வளவு நேரமானாலும் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

அன்புடன்,
அப்பா