'வொறி' சின்னச் சொல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் வந்த மனநலக் கட்டுரையில், 'டிப்ரெஷன்', 'ஆங்சைட்டி' எல்லாம் பாரமான வைத்தியச் சொற்கள், 'வொறி' மட்டும் எல்லாருக்கும் வந்துபோகும் லேசான கவலை என்று எழுதியிருந்தது. முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள் என்ற உரிமையில் ஒரு வார்த்தை. அந்தச் சொல் பிறந்தபோது அதில் லேசு என்று எதுவும் இருக்கவில்லை.

போன மாதம் வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் பேத்தி தன் தம்பிக்குப் பழைய ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அதில் எலியைக் கொன்ற பூனையை ஒரு நாய் 'வொறி' பண்ணும். கடற்கரைக் கோச்சி (ரயில்) போய்ச் சத்தம் அடங்கியதும் கேட்டாள்: "நாயை நினைச்சுப் பூனைக்குக் கவலையா, அம்மம்மா?"

கவலையாவது! நாய் பூனையின் கழுத்தைக் கவ்வி உலுப்பியது என்று பொருள்.

பழைய ஆங்கிலத்தில் 'விர்கன்' என்றால் கழுத்தை நெரித்தல். ஜெர்மன்காரர் இன்றைக்கும் அதே பொருளில் 'வ்யூர்கன்' என்கிறார்கள். அப்புறம் நாயும் ஓநாயும் ஆட்டின் தொண்டையைக் கவ்வுவதற்கு அந்தச் சொல் வந்தது. பிறகு ஒருவரைப் போட்டு அலைக்கழிப்பதற்கு. மனத்துக்குள் நடக்கும் வேதனைக்கு அது பெயரானது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆனாலும் நாய் முழுதாக ஓடிவிடவில்லை. பிரித்தானியாவின் 1953ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பண்ணை ஆட்டை நாய் 'வொறி' பண்ணினால் உரிமையாளர் குற்றவாளி. கட்டுரையாளர் பெரிய சொல்லாக வைத்த 'ஆங்சைட்டி'யின் லத்தீன் வேருக்கும் நெரித்தல்தான் பொருள். இரண்டும் ஒரே கழுத்தில்தான் கை வைக்கின்றன.

எங்கள் கவலைக்கு நாய் கிடையாது. பழைய இலக்கியத்தில் பாதை பிரியும் இடத்துக்கும் கவலை என்றுதான் பெயர். எந்தப் பக்கம் போவது என்று முழித்துக்கொண்டு நிற்கிற இடம். எனக்கு இது மிகவும் பிடிக்கும். யாழ்ப்பாணத்தார் நாங்கள் "கவலைப்படாதை" என்பதைவிட "யோசியாதை" என்று கூடுதலாகச் சொல்வதும் அதனால்தானோ என்னவோ.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் நாள் இரவு பேத்தியிடம், "ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை" என்றேன்.

"யோசிக்காமல் எப்பிடி அம்மம்மா சோதினை எழுதுறது?" என்றாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06