சனிக்கிழமைக் கூலியும் குவார்ட்டரும்: கட்டடத் தொழிலாளர் சங்கங்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

சங்கப் பொறுப்பாளர்களுக்கும், சைட்டை நடத்தும் மேஸ்திரிகளுக்கும், கான்ட்ராக்டர்களுக்கும் வணக்கம்.

குடிநோய் சிகிச்சையிலும் பிசியோதெரபியிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். குடி குடியைக் கெடுக்கும் என்று சொல்ல வரவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு உங்கள் ஆட்களுக்குக் காது புளித்திருக்கும். கொத்தனாரும் பெரியாளும் கம்பி கட்டுகிறவரும் குடிக்கச் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று: உடம்பு வலி, தூக்கம் வராதது, மண்டைக்குள் ஓடும் கடன் கணக்கு. மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றுக்கும் சைட்டிலேயே வேறு வழி செய்ய முடியும்.

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். சுத்த ஆல்கஹாலாக அது ஏறக்குறைய 60 கிராம். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ராத்திரி ஒன்பதுக்குக் குடித்தவர் உடம்பில் விடியற்காலை மூன்று மணிவரை, சிலருக்கு ஐந்தரை வரைகூட அது ஓடிக்கொண்டிருக்கும். படுத்ததும் தூக்கம் வருவது உண்மை. பின்னிரவில் போதை இறங்க இறங்க நரம்பு முறுக்கிக்கொள்ளும்: வியர்வை, படபடப்பு, சிறுநீருக்கு எழுவது, அதோடு போச்சு தூக்கம். காலையில் நாக்கு வறண்டு, கை லேசாக நடுங்க, அதே ஆள் சாரத்தில் ஏறுகிறார். முதல்நாளைவிட வலி கூடியிருக்கும். சாயங்காலம் மறுபடி குவார்ட்டர்.

வலி மாத்திரையையும் சரக்கையும் சேர்த்துப் போடும் பழக்கம் இதைவிட மோசம். டைக்ளோஃபினாக் வகை மாத்திரையோடு மது சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக் கசிவு வரலாம். கருப்பாகத் தார் போல மலம் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கிவிடலாம்.

வேலை முடியும் ஐந்தரையிலிருந்து எட்டு மணிவரைதான் கண்டம். பசி, தாகம், அலுப்பு மூன்றும் ஒன்றாக நிற்கிற நேரம் அது. அதனால் வேலையை அங்கே தொடங்குங்கள். மூன்று மணிக்கே சைட்டில் நீர்மோரோ உப்புச் சர்க்கரைத் தண்ணீரோ வையுங்கள்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு. கைக்கு வந்தபடி உப்பை அள்ளிப் போட்டால் குமட்டும், மறுநாள் யாரும் தொட மாட்டார்கள். கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பாக்கெட் என்றால் அட்டையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரையுங்கள். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் போடுவது தவறு. சர்க்கரை நோய் உள்ளவருக்கு மோர். கை கால் கழுவியதும் சுண்டல், அவித்த முட்டை, வேர்க்கடலை என்று வயிற்றை நிரப்புகிற ஏதாவது ஒன்று. வயிறு நிறைந்தவருக்குக் கடைப் பக்கம் கால் இழுப்பது குறையும். ஆறு மணிக்குமேல் ஸ்ட்ராங் டீ வேண்டாம், தூக்கத்தைத் தின்னும்.

முதுகுக்கு: தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்காலையும் ஒரு நாற்காலிமேல் தூக்கி வைத்துப் பத்து நிமிடம். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில் மடங்கியிருக்க வேண்டும். மூட்டை தூக்கியவரின் இடுப்புத் தசை இதில் இளகுவதைக் கையை வைத்தே உணரலாம். வீட்டில் வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம். புதிதாக அடிபட்டு வீங்கிய இடத்துக்கு முதல் இரண்டு நாள் வெந்நீர் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ்தான்.

மனசு அடங்க மூச்சு. நான்கு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி வெளியே விட வேண்டும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். பலர் இதில் தோற்பது ஆழமாக இழுக்க வேண்டும் என்று நெஞ்சு புடைக்க இழுப்பதால்தான். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து உதடு மரத்து, விரல் நுனி குறுகுறுத்து, தலை சுற்றும். "நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுவார்கள். மூச்சு சாதாரண அளவாக இருக்கட்டும். வேகத்தை மட்டும் குறைத்தால் போதும். உட்கார்ந்து பழக வேண்டும், சாரத்தின்மேல் அல்ல. குடிக்க வேண்டும் என்ற வேகம் அலைபோல ஏறி, பெரும்பாலும் அரைமணிக்குள் தணியும். அதுவரை பையில் பஸ்காசு மட்டும் இருப்பதும், கடை இல்லாத தெருவழியே போவதும், மனவலிமையைவிட நன்றாக வேலை செய்யும்.

கடன் கணக்குப் படுக்கையில் ஓடக் கூடாது. யாருக்கு, எவ்வளவு, எப்போது, நாளை நான் செய்யக்கூடிய ஒன்று என்ன என்று ஏழு மணிக்கு ஒரு நோட்டில் எழுதி மூடிவிட வேண்டும். எழுத வராதவருக்குச் சங்கத்தில் ஒருவர் எழுதித் தரலாம். கந்துவட்டியில் சிக்கியவருக்கு மூச்சுப் பயிற்சி போதாது. 2003-ம் ஆண்டின் கந்துவட்டி தடைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்கச் சங்கம் அவரோடு நிற்க வேண்டும்.

இனி உங்கள் பங்கு. நாலு பேர் கூலியை மொத்தமாக ஒருவர் கையில் கொடுத்தால், சில்லறை மாற்றிப் பங்கு பிரிக்க அவர்கள் போய் நிற்பது பார் வாசலில். ஆளுக்கு ஆள், சில்லறையோடு, சைட்டிலேயே கொடுங்கள். வங்கிக் கணக்கில் போட்டால் இன்னும் நல்லது. மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுக்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949-லேயே எழுதிவைத்தது. கூரை கான்கிரீட் போடும் அன்று வீட்டுக்காரர் பாட்டில் வாங்கித் தருவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்தக் காசில் பிரியாணியும் கையில் நூறோ இருநூறோ கூடுதலாகவும் தரட்டும். குடியை விட்டவர்கள் பலர் வழுக்குவது இந்த ஓசிப் பாட்டிலில்தான்.

ஒரு கடும் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்து வந்தவரை "நாளையிலிருந்து தொடாதே" என்று வீட்டில் அடைத்து வைக்காதீர்கள். சட்டென நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் தெரியாமல் பிதற்றத் தொடங்கினால் அது உயிர்போகும் நிலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தெருமுனைக் கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது ஆபத்து: தயாமின் (வைட்டமின் பி1) ஊசி முதலில் போகாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடியையும் அண்டவிடாதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (மது குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் மருந்து) இருந்து, தெரியாமல் அவர் குடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனை எண் (டெலி மானஸ்) 14416, போதை மீட்பு உதவி எண் 14446. இரண்டும் இலவசம். கூலி கொடுக்கும் மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். மூச்சுப் பயிற்சியையும் முதுகுப் பயிற்சியையும் மேஸ்திரிகளுக்குச் செய்து காட்ட ஒரு மணி நேரம் போதும். சங்கக் கூட்டம் எந்த ஞாயிறு என்று சொன்னால் வருகிறோம்.

இப்படிக்கு,
குடிநோய் சிகிச்சை ஆலோசகர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் சிலர்