ஆள் வேண்டாம், இறங்க விடுங்கள்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். முன்பு எழுதிய இரண்டு கடிதங்களும் உங்கள் மேசையில் எங்காவது கிடக்கும். ஆகவே சிறு விமானங்கள் இறங்க வன்னியில் ஓர் ஓடுபாதை ஏன் வேண்டும் என்ற கதையைத் திரும்பவும் தொடங்கவில்லை. போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அன்று அம்மாவின் ஆண்டுத்திவசம். விடியவே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்திலிருந்து நண்பரின் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் கிளம்பினேன். அனுராதபுரம், வவுனியா தாண்டி ஏ-9 வீதியைப் பிடித்துக்கொண்டு வந்தால் இரணைமடுக் குளம் தானாகவே கண்ணில் படும். அதைக் கடந்ததும் எங்கள் வளவு. முற்றத்துப் பந்தல், வேலியோரம் நின்ற மோட்டார் சைக்கிள்கள், அடுப்படிப் புகை எல்லாம் தெரிந்தது. புகை சாய்ந்த பக்கத்தைப் பார்த்தே காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லியிருப்பேன். மணி ஒன்பதரை. ஐயர் கூட வந்திருக்க மாட்டார்.

ஆனால் இறங்க முடியாது. வீட்டுக்கு மேலால் பறந்து, இன்னும் இருபத்தைந்து நிமிடம் வடக்கே போய், பலாலி விமான நிலையத்தில் இறங்கி, கடதாசி அலுவல்கள் முடித்து, யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, ஆனையிறவு தாண்டித் திரும்பி வந்தேன். படலையைத் திறக்கும்போது மணி இரண்டேகால். காகத்துக்கு வைத்த சோறு வாழையிலையில் காய்ந்து கிடந்தது. தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன்தான், "மாமா, காலமை எங்கட வீட்டுக்கு மேலால போன பிளேன் நீங்களோ?" என்றான்.

நான் உங்களிடம் விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கேட்கவில்லை, அதில் இருந்து வழி சொல்ல ஆளும் கேட்கவில்லை. இறங்கத்தான் விடச் சொல்கிறேன். தொலைபேசியில் பேசிய உங்கள் ஆள் ஒருவர், "ஆளில்லாத இடத்தில் எப்படித் தம்பி இறங்குவது?" என்றார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் பொதுப் பாவனைக்கான விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000. கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ளவை 500 சொச்சம்தான். மற்றவற்றில், தான் எங்கே, எந்த உயரத்தில் வருகிறேன் என்று விமானியே பொது வானொலி அலைவரிசையில் சொல்லிக்கொண்டு வருவார். அக்கம்பக்கத்தில் பறப்பவர்களுக்கும் அது கேட்கும். மேலால் ஒரு சுற்றுச் சுற்றி, காற்றுத் திசை காட்டும் துணிப்பையைப் பார்ப்பார், தரையில் மாடு நிற்கிறதா என்று பார்ப்பார், இறங்குவார். இரவில் வானொலிப் பொத்தானை ஐந்து செக்கனுக்குள் ஏழு தடவை அமத்தினால் ஓடுபாதை விளக்குகள் எரியும், பதினைந்து நிமிடத்தில் தாமாகவே அணையும். எங்களுக்கு அந்த விளக்கும் வேண்டாம். பகலில் இறங்க விட்டால் போதும்.

ஆளில்லாவிட்டால் ஆபத்து என்கிறீர்கள். சரி. ஆளில்லாத புகையிரதக் கடவைகளில் வன்னிச் சனம் எத்தனை பேர் அடிபட்டுச் செத்தார்கள்! ஆள் போடும்வரை ரெயிலை நிறுத்துவோம் என்று எவரும் சொன்னதாக நினைவில்லை. வைத்தியர் இல்லாத ஆஸ்பத்திரி, கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடம் என்று எல்லாம் இங்கே ஆளில்லாமல்தான் ஓடுகிறது. நாலு பேர் ஏறும் சின்னப் பிளேனுக்கு மட்டும் ஏன் இந்த அக்கறை?

மன்னிக்கவும், கடிதம் வேறு பக்கம் போய்விட்டது.

இரணைமடுவில் ஓர் ஓடுபாதை இருக்கிறது. அது விமானப்படையிடம் இருப்பதும், பாதுகாப்பு என்ற சொல் வந்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும் என்பதும் தெரியும். கிழமைக்கு இரண்டு காலை, முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களை மட்டும் இறங்க விடுங்கள். அதுவும் முடியாதென்றால், எங்காவது 800 மீற்றர் கிரவல் தரை, கட்டாக்காலி மாடுகள் ஏறாமல் ஒரு கம்பிவேலி, ஒரு துணிப்பை, ஓர் அலைவரிசை. எரிபொருள் கூட வேண்டாம். இரத்மலானையில் நிரப்பினால் வந்து திரும்பக் காணும். மாரியில் முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் நாட்களில் அப்படி ஒரு தரை வேறு யாருக்கெல்லாம் உதவும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்த திவசத்துக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அதற்குள் ஆமென்றோ இல்லையென்றோ ஒரு வரி பதில் எழுதுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டுக்கு மேலால் பறந்துவிட்டு பஸ்ஸில் வரும் ஒரு விமானி